கீறல் இல்லாத ரெக்கார்டு

செய்தியை அருளப்பனின் மகள் ஷீலாதான் சொன்னாள். குமுளியில் என் கடையில் ஏலக்காய் மூட்டையைப் பிரித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாய் அங்கிள், அப்பா போயிட்டாங்க. சேர்ல உட்கார்ந்த மாதிரியே இருந்தாங்க. எழுப்பினேன், எந்திரிக்கல" என்றாள். என் வாயில் முதலில் வந்தது ஆறுதல் இல்லை. "ரெக்கார்டு ரூம் பூட்டியிருக்காம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அருளப்பன் உயிரோடு இருந்தால் அவரும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சித்திரபுரத்தில் மின்வாரிய ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாஸ், ப்ளூஸ், சோல் என்று கறுப்பின மக்களின் பழைய இசை ரெக்கார்டுகளை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போனபோது பங்களாவில் விட்டுப்போன ஒரு பெட்டி ரெக்கார்டில் தொடங்கிய பழக்கம் அது. பங்களாவில் சமையல் வேலை பார்த்த அவருடைய அப்பா, பெட்டியின் மரத்துக்காக அதைச் சுமந்து வந்தாராம். மகன் உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டார்.

நான் முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்தினார். "பாய், உங்களுக்குப் பாட்டு பிடிக்குமா, பாட்டோட விலை பிடிக்குமா?" என்று கேட்டார். பாட்டுதான் என்றேன். நம்பவில்லை. கையைக் கழுவச் சொல்லி, ஒரு ரெக்கார்டைப் போட்டுவிட்டு, பாட்டைக் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியைத் தூக்கிய பிறகு, "ட்ரம்பெட் வர்றப்ப தலையைத் தூக்கினீங்க. சரி, உட்காருங்க" என்றார். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

சந்தேகம் அவருக்குச் சுவாசம் மாதிரி. தபாலில் வரும் ஒவ்வொரு ரெக்கார்டையும் மோந்து பார்ப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் தேடுவார். "லேபிள் புதுசா ஒட்டிடலாம். அந்த நம்பரை மாத்துறது லேசு இல்ல" என்பார். பாடுகிறவர்களையும் அவர் விட்டதில்லை. "இந்த அம்மா நெஜமா துக்கத்துலதான் பாடுதா, இல்ல நம்மள அழ வைக்கப் பாக்குதா?" என்று ஒரே பாட்டைப் பல மாதம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "இல்ல பாய், இது அழுகையை அடக்கிக்கிட்டுப் பாடுது. இதை நம்பலாம்" என்று தீர்ப்புச் சொல்வார். சோல் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "எங்க மாதா கோயில் பாட்டு கூலி வேலைக்குப் போய்ட்டு வந்தா எப்படி இருக்கும்? அப்படி" என்றார்.

இவ்வளவு சந்தேகப்பட்டவர் பிரகாசனை மட்டும் எப்படி நம்பினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழைய ரெக்கார்டுகளைச் சுத்தம் செய்து கணினியில் பதிந்து தருகிறவன் அவன். பாலக்காட்டுக்காரன், என் ஊர்ப்பக்கம். பேச்சில் அத்தனை பணிவு. அந்தப் பணிவே எனக்குப் பிடிக்கவில்லை. அருளப்பன் தன்னிடமிருந்த மிக அரிய ப்ளூஸ் ரெக்கார்டை அவனிடம் கொடுத்தார். அரக்கில் செய்த பழைய ரெக்கார்டு, முதல் அச்சு. அவர் மனைவி மேரி ஒருமுறை அதைத் துடைத்தபோது வளையல் பட்டுக் கீறியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' கேட்கும். மேரி இறந்த பிறகு அதைப் போடும்போதெல்லாம், "கேட்டீங்களா, மேரி தாளம் போடுறா" என்பார்.

ரெக்கார்டு திரும்பி வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். பாட்டு ஓடியது. டிக் சத்தம் வரவில்லை. அருளப்பன் நிறுத்திவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

"இது என்னோடது இல்ல பாய். இதுல கீறலே இல்ல."

நல்லதைக் கொடுத்து மோசமானதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்றேன். வளையத்தில் இருந்த எண்ணைக் காட்டினார். இது பிறகு வந்த அச்சு; கீறல் இருந்தாலும் முதல் அச்சுக்குத்தான் விலை.

மறுநாளே உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போனோம். பிரகாசன் எங்களைப் பார்த்ததும் வெளிறிப்போனான். கை தவறி உடைந்துவிட்டது, சொல்லப் பயந்து வேறொன்று தேடி வாங்கி அனுப்பினேன் என்றான். உள்ளே போய் ஒரு துணியில் சுற்றிய உடைந்த துண்டுகளை எடுத்து வந்து மேசையில் வைத்தான். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "அது உடைஞ்சதுல இருந்து இவர் சரியாச் சாப்பிடறதுகூட இல்லீங்க. மன்னிச்சிருங்க ஐயா" என்றாள்.

அருளப்பன் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். கடைசித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "என்னோடதுதான். உடையுற பொருள்தானே, விடுங்க" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். துண்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ் பொள்ளாச்சி தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன்.

"துண்டுல கீறல் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு அவனை நம்பிக்கிட்டு நிக்குது பாய். என்னோடது எங்கேன்னு நான் கேட்டிருந்தா, கேட்டுட்டு பஸ் ஏறி வந்துருவேன். அவ அந்த வீட்டுலதானே இருக்கணும்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பிரகாசனைப் பற்றி யாராவது விசாரித்தால், "நல்ல வேலைக்காரன். கொடுக்குறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க" என்பார். அவ்வளவுதான்.

அடக்கத்துக்குப் பிரகாசனும் வந்திருந்தான். கல்லறைத் தோட்ட வாசலில் தனியாக நின்று அழுதான். அது நிஜ அழுகையா என்று வெகுநேரம் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அருளப்பனுக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் ஷீலா மறுபடி கூப்பிட்டாள். பிரகாசன் போன் செய்தானாம். எதுவும் வேண்டாம், ஒருநாள் வந்து அப்பா கேட்ட பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்கிறானாம். "என்ன அங்கிள் சொல்லட்டும்?"

வரவேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நான் இன்னும் அவனை நம்பவில்லை. நம்பப் போவதும் இல்லை. ஆனால் ஒருவனை நம்பாமலே அவனுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பதை அருளப்பனிடம் பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

"வரச் சொல்லும்மா. என்னைக்குன்னு சொல்லு, நானும் வர்றேன்" என்றேன்.