பின்னிருக்கையில் தயிர்ச்சட்டி

வெள்ளிக்கிழமைகளில் செங்கலடிச் சந்தியில் நிற்பவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போயிருந்தது. வாழைச்சேனை பஸ்ஸில் கண்ணகை ஏறுவாள். இடது கால் சற்றுக் கட்டை என்பதால் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி உடம்பை மேலே இழுத்துத்தான் ஏறுவாள். பஸ் புறப்பட்டதும் அவளுடைய புருஷன் அழகரத்தினம் மோட்டார் சைக்கிளில் அதன் பின்னால் போவார். வண்டியின் பின்னிருக்கையில் அவளுடைய பன்புல் பை கயிற்றால் கட்டப்பட்டிருக்கும்.

"பொண்டாட்டி பஸ்ஸில, பை மோட்டச் சைக்கிள்ல," என்று தேத்தண்ணிக் கடையிலிருந்து யாராவது சொல்வார்கள்.

"பைக்குப் பயமில்லப்பா," என்று இன்னொருவர் முடித்துவைப்பார்.

அழகரத்தினம் திரும்பிப் பார்க்கமாட்டார். பஸ் கக்கும் புகையைத் தின்றுகொண்டே சித்தாண்டிவரை போவார். அங்கே கண்ணகை இறங்கி முருகன் கோயிலுக்கும், அதற்கப்பால் தங்கை இராசாத்தியின் வீட்டுக்கும் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடப்பார். அந்தப் பின்னிருக்கையில் அவள் மறுபடி ஒருமுறையாவது உட்காரவேண்டும் என்பதைத் தவிர, அந்த ஆண்டுகளில் அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பதுளை வீதி பிரியும் இடத்தில், ஒரு கிடுகுக் கொட்டிலில் அவருடைய வண்டி திருத்தும் கராச் இருந்தது. யாரும் உட்காரவைத்துத் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. லொறி ஒன்றில் கிளீனராக இருந்த காலத்தில், பழுதானதைக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டிப் பழகியவர். ஓரிடத்தில் இருக்கமுடியாத சுபாவம். சோற்றை நின்றுகொண்டே தின்பார். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் குளிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு அதற்கு எண்ணெய் போடுவார். சந்தியில் பஸ் பிறேக் பிடிக்கும் சத்தம் கேட்டால் கையிலுள்ள திருகுசாவி நின்றுவிடும். "வலப்பக்கப் பின் சில்லு. லைனிங் முடிஞ்சுது," என்பார், கேட்பதற்கு ஆளில்லாவிட்டாலும்.

அந்த மோட்டார் சைக்கிள் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்கார இராணுவம் பாவித்தது. ஏலத்தில் போய்ப் பல கை மாறி, கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டிலில் கிடந்தது. அவர் அதைக் கண்டபோது இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வாவிக் காற்று இரும்பைத் தின்றிருந்தது. துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்து, ஒரு மழைக்காலம் முழுவதும் மினக்கெட்டு அதை ஓடவைத்தார். எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனால் பின் சில்லுக்கு ஸ்பிரிங் கிடையாது. சட்டத்தோடு நேரே பூட்டியிருந்ததால் பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். முன்னுக்கு ஒரேயொரு சுருள் ஸ்பிரிங். பிறேக் இரண்டும் பெயருக்குத்தான்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு, வெள்ளாமை வெட்டு முடிந்த சமயம், பதுளை வீதிப் பக்கம் உறவுக்காரர் ஒருவரின் வயல்வட்டையில் புத்தரிசிச் சோறு சாப்பிட்டுவிட்டு இருவரும் அதில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாலத்துக்கு இறங்கும் சரிவு. தூரத்தில் எருமைக் கூட்டமொன்று வயலிலிருந்து வீதிக்கு ஏறியது.

"எருமை வருது," என்றாள் கண்ணகை பின்னாலிருந்து.

"கண்டன்," என்றார் அவர்.

பாலத்தடியில் எருமைகள் வீதியை அடைத்து நின்றபோது பிறேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிச் சரிந்தது. அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. கண்ணகையின் கால் பாலத்தின் பக்கச்சுவரில் அடிபட்டு இரண்டிடத்தில் முறிந்தது. எலும்பு பொருந்தி அவள் எழுந்து நடந்தாள். நீளம் மட்டும் திரும்பவில்லை.

அவள் ஏசவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு அவர் அதே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, "நான் பஸ்ஸில வாறன்," என்றாள். அவ்வளவுதான்.

பிறேக் பிடிக்கவில்லை என்று அவர் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேளாதவர்களுக்கும் சொன்னார். பிறகு வண்டியைப் பிரித்தார்.

ஏறாவூரில் வாவிக்கரையோரம் லேத் வைத்திருந்த மீராசாஹிப் அவருடைய கூட்டாளி. விபத்தில் நொறுங்கிய புதிய மாதிரி வண்டியொன்றின் முன்பகுதி அவரிடம் வந்திருந்தது. உள்ளே எண்ணெயும் ஸ்பிரிங்கும் கொண்ட இரண்டு குழாய்கள், அகலமான பிறேக் ட்ரம். அழகரத்தினம் அதைத் துணியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோலக் கொண்டுபோனார். பழைய வண்டியின் கழுத்துக்குள் அது பொருந்தவில்லை. நடுவில் ஓர் இரும்பு வளையம் கடைந்து போடவேண்டும்.

"போன கிழமையும் இதைத்தானே மச்சான் கடைஞ்சு தந்தன்," என்றார் மீராசாஹிப்.

"அது ஒரு நூல் பெரிசு."

"ஒரு நூலுக்கா மனிசன் தீன் தண்ணியில்லாம வந்து நிக்கிறாய்?"

"ஆட்டம் இரிக்கி. கையில தெரியுது."

"உன்ட கைதான் ஆடுது. இரு, தேத்தண்ணியக் குடி."

அவர் இருக்கவில்லை. லேத் சுற்றும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பிறேக்குக்கு பஸ்ஸின் கழிவு லைனிங்கை வெட்டிச் செம்பு ஆணி அடித்தார். ட்ரம்மின் உட்புறத்தில் சோக்கட்டி பூசி, சில்லைச் சுற்றி, சோக் எங்கே ஒட்டுகிறதென்று பார்த்து அந்த இடத்தை அரத்தால் தேய்த்தார். திரும்பப் பூசினார், திரும்பச் சுற்றினார். லைனிங் முழுவதும் ஒரே வெள்ளையாகும்வரை விடவில்லை. பிறேக்கைத் திருப்பும் இரும்புக் கையை ஒரு விரல் நீட்டினார். இப்போது இரண்டு விரலால் இழுத்தாலே சில்லு இறுகியது. பிறகு சட்டத்தின் பின்பக்கத்தை வெட்டி, சில்லு மேலும் கீழும் அசையும்படி வேறொரு வண்டியின் கவையைப் பொருத்தி, இரண்டு ஸ்பிரிங் வைத்தார். முன்னும் பின்னும் நூல் பிடித்து இரண்டு சில்லும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார். நேராக நின்றன. நம்பாமல் விடிந்ததும் மறுபடி பிடித்தார்.

ஒவ்வொரு வேலை முடியும்போதும் வண்டியை அடுப்படி வாசல்வரை தள்ளிக்கொண்டு வருவார்.

"இப்ப ஒருக்கா ஏறிப் பாருகா."

"பஸ் இரிக்குதுதானே."

மூன்றாண்டு இப்படிப் போனது. ஒருநாள் கண்ணகை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஏறமாட்டன். இராசாத்திர தயிர்ச்சட்டி ஒண்டை இந்தப் பின் சீற்றில வச்சுச் சித்தாண்டியில இருந்து கொண்டுவாங்க. உடையாம வந்தாப் பாப்பம்."

"சட்டி ஏன் உடையிற? வைக்கோல் வச்சுக் கட்டுவன்."

"சட்டிய ஆர் கேட்ட? தயிர்."

அவர் சுளகைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், உடனேயே எஞ்சினை உதைத்துக் கிளப்பினார்.

எருமைத் தயிர் சட்டியில் உறைந்தால் வெட்டி எடுக்கலாம்போல நிற்கும். குலுங்கினால் வெடித்துத் தண்ணீர் விடும். அதைக் கடைக்காரன் வாங்கமாட்டான். கண்ணகையின் தகப்பன் காவுதடியின் இரு முனையிலும் சட்டிகளைத் தொங்கவிட்டுச் சித்தாண்டியிலிருந்து நடந்து வந்தவர். ஒவ்வோர் அடிக்கும் தடி வளைந்து கொடுக்கும், தயிர் அசையாது. மூடியைத் திறந்து பார்த்தே அவர் வழியில் கால் இடறினாரா என்று சொல்லிவிடுவாள் கண்ணகை.

முதல் சட்டி தண்ணீராக வந்தது. "குடிக்கலாம்," என்றாள்.

ஸ்பிரிங் இறுக்கம் என்று முடிவுகட்டி, குழாய்களில் இலேசான எண்ணெய் ஊற்றினார். அடுத்த முறை கல்லும் மண்ணுமான கிறவல் பாதையில் வண்டி பாய்போட்டதுபோல வந்தது. சிரித்துக்கொண்டே சட்டியை இறக்கினார். உள்ளே தயிர் குறுக்கே பிளந்து முன்பக்கம் சரிந்துகிடந்தது. கெட்டி எண்ணெய் ஊற்றினார். கல்லெல்லாம் தெரிந்தது, தயிர் நொறுங்கியது. இரண்டையும் கலந்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். வாடிக்கைக்காரரின் வண்டிகள் கொட்டிலில் காத்துக்கிடந்தன. அயலெல்லாம் உடைந்த தயிர் குடித்தது.

"அத்தான், என்ட எருமை உங்கட ஸ்பிரிங்குக்கா கறக்குது?" என்று கேட்டாள் இராசாத்தி. ஆனாலும் சட்டியைத் தந்தாள்.

எந்த இடத்தில் உடைகிறது என்று தெரியாமல் இனி வேலையில்லை என்று தோன்றியது. மீராசாஹிப்பைக் கூட்டிக்கொண்டு போய், சட்டியை அவர் கையில் கொடுத்துப் பின்னால் உட்காரவைத்தார். மீராசாஹிப் மூடியில்லாத சட்டியை மடியில் வைத்து, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். கராச்சில் இறங்கியதும் சட்டியை மேசையில் வைத்தார். தயிர் பிளந்திருந்தது.

"கிறவலிலதானே?" என்றார் அழகரத்தினம்.

"இல்ல. கிறவலில தயிர் தூங்குது. வந்தாறுமூலையில ஒரு சைக்கிள்காரன் குறுக்க வந்தான். வெடிப்பு விழுந்துது. இஞ்ச சந்தியில பஸ். பிளந்துது. ரெண்டு தரமும் உன்ட வண்டி குனிஞ்சு நிலத்த மோந்துது. என்ட மூக்கு உன்ட முதுகில."

"பிறேக் அப்பிடிப் பிடிக்குது."

"பிடிக்குதுதான், ஆர் இல்லையெண்ட. பஸ்ஸ நீ எங்க கண்டாய்?"

"புளிய மரத்தடியில."

"பிறேக்க எங்க பிடிச்சாய்?"

அழகரத்தினம் கைகளைத் துடைத்தார். துடைத்த கைகளையே திரும்பத் துடைத்தார்.

"நான் நடந்து போறன் மச்சான்," என்றார் மீராசாஹிப். "ஏறாவூர் கிட்டத்தானே."

அதன்பின் சில நாட்கள் அவர் வண்டியில் ஓர் ஆணியைக்கூடத் தொடவில்லை. வேறு வேலையும் ஓடவில்லை. கொட்டிலுக்கும் வீதிக்குமாக நடந்தார். சந்தியில் பிறேக் சத்தம் கேட்டபோது எந்தச் சில்லு என்று சொல்லவில்லை. எவ்வளவு தூரத்தில் பிடித்தான் என்று பார்த்தார்.

பிறகு ஒரு காலை மறுபடி சித்தாண்டிக்குப் போய்ச் சட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தூரத்தில் ஓர் ஆடு தெரிந்ததும் அங்கேயே கைப்பிடியைத் தளர்த்தினார். கை கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அரித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அவரைக் கடந்தார்கள். வாய்க்கால் மதகில், முன்னால் ஒன்றுமே இல்லாதபோதும், உடம்பு முழுவதும் வேர்த்தது. வீட்டுக்கு வந்தபோது கண்ணகை வாசல் படலையில் நின்றாள். அவர் பிந்தியதால் ஏதோ நடந்துவிட்டதென்று நினைத்திருப்பாள்.

அவள் மூடியைத் திறந்தாள். தயிரின் ஏடு உறைந்தபடியே இருந்தது. சட்டியைச் சாய்த்தாள், தண்ணீர் வரவில்லை.

"பழைய எண்ணெயா, புது எண்ணெயா?" என்று கேட்டாள்.

"எண்ணெய் மாத்தல்ல." அவர் நின்ற இடத்தில் நிற்கமுடியாமல் படலைக் கம்பைப் பிடித்து ஆட்டினார். "அண்டைக்கு நீ சொன்ன இடத்திலயே பிடிச்சிருந்தா அந்தப் பழைய பிறேக்கும் நிண்டிருக்கும். நான் கண்டன் கா. கண்டுபோட்டும் வந்தன்."

"ஓம்," என்றாள் கண்ணகை. சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவர் படலையைக் கழற்றிப் பூட்டினார். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டார், அது கிறீச்சிடாமலே. வெள்ளிக்கிழமை வந்தது. கண்ணகை பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். தேத்தண்ணிக் கடையில் வழக்கமான பேச்சு. அவர் புகையைத் தின்றுகொண்டே பின்னால் போனார்.

கோயிலுக்குப் போய்த் தங்கை வீட்டில் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் கண்ணகை வெளியே வந்தாள். கையில் ஒரு புதுத் தயிர்ச்சட்டி. அவர் வழக்கம்போல வண்டியை பஸ் நிற்கும் பக்கம் தள்ளத் தொடங்கினார்.

"எங்க போறீங்க? பையை முன்னுக்குக் கொழுவுங்க."

அவர் கொழுவினார். அவள் தங்கையின் தோளைப் பிடித்து, கட்டைக் காலைத் தூக்கி, பின்னிருக்கையில் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு இராசாத்தியிடமிருந்து சட்டியை வாங்கி மடியில் வைத்தாள்.

"சட்டிய வச்சிக்கிட்டு எதைப் பிடிப்பாய்? குடு, பெற்றோல் தாங்கியில கட்டுறன்."

"ஒரு கை போதும். இது இஞ்ச இரிக்கட்டும். வீட்ட போய்த் திறந்து பாப்பன்."

இராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வந்தாறுமூலைக்குக் கிட்ட பஸ் அவர்களைக் கடந்தது. "என்ன அண்ணன், பெற்றோல் முடிஞ்சுதா?" என்று கொண்டக்டர் மிதிபலகையிலிருந்து கத்தினான். அழகரத்தினத்தின் வலக்கை மணிக்கட்டு துடித்தது. அவர் அதைத் திருகவில்லை.

சற்றுத் தள்ளி, வயலுக்குள்ளிருந்து எருமையொன்று வீதியோரத்துக்கு வந்தது.

"எருமை," என்றாள் கண்ணகை.

அவள் சொல்வதற்கு முன்பே வண்டி மெதுவாகியிருந்தது. எருமை நடுவீதிக்கு வந்து, எந்தப் பக்கம் போவதென்று தீர்மானிக்காமல், வாலை அடித்துக்கொண்டு நின்றது. அவரும் காலை ஊன்றி நின்றார். அது நகரவில்லை. அவருடைய விரல்கள் பெற்றோல் தாங்கியில் தாளம் போடத் தொடங்கின.

"தட்டாதீங்க," என்றாள் பின்னாலிருந்து. "தயிர் ஆடுது."