வீராங்கனையின் காலடியில் அக்காவின் எண்

கென்யாவின் கிசுமு நகரில் கடைச் சுவருக்குப் படம் எழுதுகிறவர்கள் படத்தின் காலடியில் தங்கள் பெயரையும் செல்பேசி எண்ணையும் போட்டுவிடுவார்கள். என் அக்கா அபோண்டியும் அப்படித்தான். முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல், இறைச்சிக் கடையில் ஆட்டுத்தலை, கீழே அவள் பெயர், எண். அவளுக்குத் தனியாகக் கடை கிடையாது. அந்த எண்தான் கடை.

போன மாதம் ஒடிவூர் தன் வீடியோ கேம் கடைச் சுவரில் ஒரு வீராங்கனையை எழுதச் சொன்னான். விளையாட்டில் இருக்கிறபடியே கையகலக் கவசம் மேலே ஒன்று, கீழே ஒன்று. அவளோடு மோதுகிற வீரனுக்கோ உச்சி முதல் கால் வரை இரும்பு.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சும்மா இருப்பேனா? பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்குவதைப் பற்றி அக்கா ஏறி நின்ற ஏணியடியில் நின்று ஆரம்பித்தேன்.

"அவ வேகமா ஓடணும்ல தம்பி? கனமா இருந்தா எப்படி ஓடுவா?" என்றான் ஒடிவூர்.

"அப்போ அவன் ஓட வேண்டாமா, அண்ணே?"

"இந்த வெயில்ல மொதல்ல கழட்ட வேண்டியவன் அவன்தான்," என்றாள் அக்கா மேலிருந்து. "டேய் பட்டதாரி, அந்தச் செவப்பு டப்பாவ எடு."

"வரையறது நீதானே? உனக்குத் தப்பாவே தெரியலையா?"

"ஆட்டுத்தலை வரைஞ்சப்போ ஆடு வந்து கேட்டுச்சா?"

படம் முடிந்தது. மறுநாள் காலையிலிருந்து அக்காவின் செல்பேசி ஓயாமல் அடித்தது.

"அபோண்டியா? சுவத்துல பாத்தேன் கண்ணு. வாளை வெச்சுட்டு வா, ஏரிக்கரைல மீன் சாப்பிடலாம்."

கீழே இருந்த பெயர் படத்திலிருந்த பெண்ணுடையது என்று பாதி ஊர் நம்பிவிட்டது. அக்கா எடுத்தவுடனே திட்டப் பழகினாள். அப்படித் திட்டு வாங்கியவர்களில் ஒருவர், பெயர்ப்பலகை எழுதச் சொல்லிக் கூப்பிட்ட தேவாலயத்துப் பெரியவர். அந்த வேலை போயிற்று. அன்று அவள் சாப்பிடவில்லை.

"நம்பர மாத்திடேன் அக்கா."

"ஊர்ல எல்லாச் சுவத்துலயும் இதாண்டா இருக்கு."

கவசத்தைக் கொஞ்சம் கூட்டி வரையட்டுமா என்று ஒடிவூரிடம் கேட்டாள். "தொடாதே! பசங்க அவளப் பாக்கத்தான் வர்றானுங்க," என்றான். நான் மறுபடி வாதாடினேன். விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நான் பேசியதை மரியாதையாகக் கேட்டார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

விடிந்ததும் அக்கா அந்தப் படத்தின் கீழிருந்த தன் பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு அங்கே ஒடிவூரின் எண்ணை எழுதிவிட்டு வந்தாள்.

மறுநாளே அவன் எங்கள் வாசலில் நின்றான். "தாயே, போன்ல ஒருத்தன் முத்தம் குடுக்கறான். எடுத்தது என் பொண்டாட்டி! சுவத்துல இருக்கறவளக் கழுத்து வரைக்கும் மூடிடு."

"இப்பவாவது நான் சொன்னது புரிஞ்சுதா, அண்ணே?" என்றேன்.

"நீ என்ன சொன்னே, தம்பி?"

அக்கா கோபம் தீர வெள்ளிச் சாயத்தை அப்பினாள். கழுத்தோடு நிற்காமல் தலை முதல் பாதம் வரை, இடுப்பே இல்லாத ஒரே கவசம். ஒடிவூரின் எண்ணை அழித்துத் தன் எண்ணை மறுபடி எழுதினாள். நான் கேட்டது இதைத்தானா? எனக்கே நிச்சயமில்லை. அந்த வீராங்கனையை ஒரு மனுஷியாக வரையச் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது வாளைத் தவிர அவளிடம் எதுவும் தெரியவில்லை.

அன்று மாலை செல்பேசி அடித்தது. திட்டுவதற்குத் தயாராக எடுத்தாள்.

"அம்மா, நான் சமையல் கேஸ் கடை வெச்சிருக்கேன். ஒடிவூர் கடைச் சுவத்துல ஒரு சிலிண்டர் எழுதியிருக்கீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு..."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"எழுதிடலாம் ஐயா," என்றாள். "வாள் வேணுமா, வேண்டாமா?"