மணி அடிக்காதவர்கள்

எலும்பு முறிவு வார்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த நர்ஸ் அவர். ஊன்றுகோலோடு எழுந்து நிற்பவர்களிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே 'மெதுவாக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு மதியம், ஷிஃப்ட் மாறுகிற நேரம். பதினாலாம் கட்டிலில் இருந்த தையல்கார அம்மா தானே எழுந்து கழிவறைக்குப் போகப் பார்த்து விழுந்துவிட்டார். தலையில் அடி. நாலாம் நாள் உயிர் பிரிந்தது. அழைப்பு மணி தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

உடலை வாங்க வந்த கணவர் சத்தம் போடவில்லை. "மணியை அமுக்கியிருந்தா நீங்க வந்திருப்பீங்கதானே சிஸ்டர்? அப்புறம் ஏன் அமுக்கல?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியோடு அடுத்த விடுமுறையில் மெதுவாக்கா நர்சிங் கல்லூரி நூலகத்துக்குப் போனார். 'நோயாளி விழுதல்' என்று ஆங்கிலத்தில் கணினியில் தட்டியதும் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து கொட்டின. அவர் திணறுவதைப் பார்த்த நூலகர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் விழறாங்கன்னு தெரியணுமா, ஏன் கூப்பிடலன்னு தெரியணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்க. எண்ணிப் பார்த்து, ரெண்டு முறையை ஒப்பிட்டு, எதுல குறையுதுன்னு சொல்றது ஒரு வகை ஆய்வு. நோயாளிகிட்ட உட்கார்ந்து பேசி, அவங்க சொன்னதை அலசறது இன்னொரு வகை. ரெண்டையும் சேர்த்துச் செய்றவங்களும் உண்டு. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. 'நேர்காணல்', 'அனுபவம்'னு சேர்த்துப் போட்டுத் தேடுங்க."

ஆயிரங்கள் முப்பதாகச் சுருங்கின. அகராதியும் கையுமாக ஒன்றரை மாதம் படித்தார். ஒரு கட்டுரையில் நோயாளி ஒருவர் சொல்லியிருந்தார்: "அந்தப் பொண்ணு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இதுக்குப் போய் கூப்பிடணுமான்னு விட்டுட்டேன்." மெதுவாக்காவால் அதற்குமேல் படிக்க முடியவில்லை. அன்று மதியம் அவரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்.

தையல்கார அம்மாவின் வீட்டைத் தேடிப் போய் அவர் கணவரிடம் சொன்னார்: "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. எங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சிருக்கலாம்."

"அவ அப்படித்தான்," என்றார் கணவர். "காய்ச்சல்ல கிடந்தாலும் எங்கிட்ட ஒரு வாய்த் தண்ணி கேக்க மாட்டா." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

ஏன் மணி அடிப்பதில்லை என்று தன் வார்டு நோயாளிகளிடமும் கேட்டுப் பார்க்க அனுமதி கேட்டார் மெதுவாக்கா. "வேலை தலைக்கு மேல கிடக்கு, நீ கதை கேக்கப் போறியாம்மா?" என்று மேட்ரன் அலுத்துக்கொண்டார், ஆனாலும் ஆய்வுக்கு அனுமதி தரும் மருத்துவமனைக் குழுவுக்கு அவர் கடிதத்தை அனுப்பிவைத்தார். சம்மதித்த பத்தொன்பது பேரிடம் மெதுவாக்கா பேசினார். பன்னிரண்டு பேர் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நீங்க ஓடிக்கிட்டே இருக்கீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னுதான்." அதன்பிறகு ஷிஃப்ட் மாறும் முன் ஒரு நர்ஸ் கட்டில் கட்டிலாகப் போய், "கழிவறைக்குப் போகணுமா?" என்று கேட்பது வழக்கமானது. முந்தைய ஆறு மாதத்தில் பதினோரு பேர் விழுந்திருந்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் ஐந்து பேர்.

அந்த ஐவரில் ஒருவர் லாரி ஓட்டுநர், விழுவதற்குப் பத்து நிமிஷம் முன்பு கேட்டபோது வேண்டாம் என்றவர். மெதுவாக்கா இதைத் தன் அறிக்கையில் எழுதியிருந்ததைப் பார்த்து மேட்ரன் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"குறைஞ்சதைச் சொன்னாப் போதாதா?"

"விழுந்தவரையும் சொல்லணும் மேடம். அவர் ஏன் வேணாம்னாருன்னு எனக்கு இன்னும் தெரியல."

மேட்ரன் அந்த வரியை அடிக்காமலே கையெழுத்துப் போட்டார்.