ராட்னி பாஸ்கோவின் இடது கால்

லண்டனில் சினிமாவுக்கு வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை. அப்படிப் பண்பு கெட்டவர்கள் அல்ல நாங்கள். போன் வராமல் போகும், அவ்வளவுதான். ஏன் என்று கேட்பது நாகரிகமல்ல. அடிக்காத போனுக்கு எதிரே உட்கார்ந்து, செய்த பாவம் எதுவென்று அவரவரே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ராட்னி பாஸ்கோவுக்குத் தேடும் சிரமம் இல்லை. அவருடைய பாவம் அவருடைய இடது கால்.

கார்ன்வாலில் ஒரு சுரங்க ஊர் பேண்டிலிருந்து வந்த மனிதர். அங்கே ட்யூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகுழலைச் சுமந்து நடந்துகொண்டே வாசிப்பார்கள். லண்டனில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். கால் மட்டும் இன்னும் அந்த ஊர்வலத்தில்தான் இருந்தது. ட்யூபாவுக்கு வாசிப்பு கொஞ்சம், காத்திருப்பு ஏராளம். காத்திருக்கும் நேரமெல்லாம் கால் ஆடும். மைக் அதைத் தவறாமல் கேட்டுக்கொள்ளும். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், சாக்ஸோடு ஆடிற்று. கீழே கம்பளம் விரித்தார்கள், வசதியாக ஆடிற்று.

எண்பத்து மூன்றில் ஒரு விண்வெளிச் சாகசப் படம் வந்து சேர்ந்தது. விண்வெளியில் காற்றில்லை, ஆகவே சத்தமும் இல்லை என்பது விஞ்ஞானம். அந்தக் குறையைப் போக்கத்தான் எங்களை ஒரு கூட்டமாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

கடைசி நாள், தேநீர் இடைவேளையில் மோரீன் கிராட்டன் வந்தாள். யாருக்குப் போன் போகும், யாருக்குப் போகாது என்பதெல்லாம் அவள் கையில்.

"ராட்னி கண்ணு, பிஸ்கட் எடுத்துக்கோ."

மோரீன் தானாக பிஸ்கட் நீட்டினால் நிலைமை மோசம் என்று பொருள்.

"கடைசித் துண்டுல நீ வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் செல மாதிரி இருக்கணும். ரெக்கார்டிங் சிவப்பு விளக்கு அணையற வரைக்கும் மூச்சுகூடக் கேக்கக்கூடாது. போன வாரம் உன் காலாலதான் ரெண்டு தடவ திரும்ப எடுத்தாங்க."

"தெரியும் மோரீன்."

"எனக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைவிடப் பயங்கரமாக எதுவும் அவள் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்தில் டிராம்போன் வாசிக்கும் க்வென் ஹார்பாட்டில், "கால நாற்காலியோட கட்டிடட்டுமா?" என்றாள். ராட்னி சிரிக்கவில்லை. இடது காலை நாற்காலிக் காலில் கொடிபோல் சுற்றிக்கொண்டார்.

விளக்கு எரிந்தது. திரையில் விண்கப்பலின் இன்ஜின் நின்றுபோய், நாயகன் இருட்டில் மிதந்தான். வயலின்கள் அடங்கின. ட்யூபாவின் கடைசி நோட்டு பாதாளம் வரை இறங்கி ஓய்ந்தது. அத்தனை பேரும் சிலையானோம்.

கால் ஆடவில்லை. ஆட முடியாத கால், சுற்றியிருந்த நாற்காலியை முறுக்கிற்று.

கிர்ர்ர்ர்ர்க்.

விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியில் அமெரிக்க டைரக்டரின் குரல்: "யாரது?"

எல்லோரும் எங்கள் நோட்டுத் தாளை மிகுந்த ஆர்வத்தோடு படிக்க ஆரம்பித்தோம். "வாயத் தொறக்காதே," என்று க்வென் முணுமுணுத்தாள். ராட்னி கையைத் தூக்கிவிட்டார்.

"நாற்காலிங்க... என் நாற்காலி."

"அதுதான்யா! என் கப்பல் சாகற சத்தம்! ஒரு வருஷமா இதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், ஒருத்தருக்கும் புரியல!"

அந்த ஒரு வருடமும் உட்கார்ந்து இசை எழுதியவர், நாகரிகமான மனிதர், ட்யூபாவின் தாளில் 'நாற்காலி' என்று தம் கையாலேயே எழுதினார்.

மறுபடி எடுத்தார்கள். காதில் மாட்டிய கருவியில் தாளம் டிக் டிக் என்று எண்ணியது. சரியான இடம் வந்தது. நாற்காலி வாய் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அடங்காத கால், கூலி கொடுத்துக் கேட்டதும் கல்லாகிவிட்டது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். கண்ணாடிக்குப் பின்னால் மோரீன் தெரிந்தாள். பிஸ்கட்டை அவளே தின்றுகொண்டிருந்தாள்.

"மனுஷா, ஆட்டித் தொலையேன்!" என்றாள் க்வென்.

"வர மாட்டேங்குது க்வென்."

"அப்ப உன் வீட்டுப் போன நெனச்சுக்கோ. திங்கள் அடிக்கல. செவ்வாய் அடிக்கல..."

விளக்கு எரிந்தது. கடைசி நோட்டு ஓய்ந்தது. கால் நாற்காலியை முறுக்கிற்று. கிர்ர்ர்ர்ர்க். கப்பல் கனகம்பீரமாகச் செத்தது.

பிறகு போன் வரவில்லை. ராட்னி வீட்டுக் கூடத்தில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒலி வருகிறதா என்று ரிசீவரை எடுத்துப் பார்ப்பார்; எடுத்த அந்த நேரத்தில் மோரீன் கூப்பிட்டிருந்தால் என்று பதறி வைப்பார். மனைவி ஜாய்ஸ், "மனுஷன் சாப்பிடற நேரத்துலயாவது உக்காரக்கூடாதா?" என்பாள்.

ஒரு மத்தியானம் அடித்தது.

"ராட்னி கண்ணு, இன்னொரு விண்வெளிப் படம். உன்னத்தான் கேக்கறாங்க."

"வரேன்."

"ட்யூபா வேணாம். வெறுங்கையோட வா. அந்த ஸ்டூடியோ நாற்காலியவே எடுத்து வச்சிருக்கோம்."

ராட்னி ட்யூபாவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு?" என்றார்.

அன்று மாலையே சமையலறையில் பயிற்சி ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து முறுக்கிப் பார்த்தார். ஒன்றும் முனகவில்லை.

"இதுங்களுக்கு என்ன ஆச்சு ஜாய்ஸ்?"

"நீங்க போனச் சுத்திக்கிட்டிருந்தப்ப எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டேன். உங்க தொழிலுக்கு ஆகாதுன்னீங்களே, அந்தச் சத்தம்."

மேஜைக்கடியில் இடது கால் ஆட ஆரம்பித்தது.