லஸ்ஸில் இறங்கிய விஜி

விஜி போன செய்தி, காலைக் காப்பி ஆறுவதற்குள் வாட்ஸப்பில் வந்தது. அவருடைய மூத்த மகன் எழுதியிருந்தான்: "அம்மா கடைசிவரை அடுப்படியிலேயே நின்று, நின்ற வாக்கில் போய்விட்டாள். புண்ணியவதி." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நான் கைகூப்பவில்லை. தியாகராய நகர் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த நமக்கு வேறொரு விஜியைத் தெரியும். அதனால்தான் நம் ஆபீஸ் தோழிகளுக்கு இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். விஜியின் வீடு மயிலாப்பூர் குளத்தருகே. ஆனால் முந்தைய நிறுத்தமான லஸ்ஸிலேயே இறங்கிவிடுவார். ஒருநாள் நானும் கூட இறங்கினேன். பக்கத்துப் பூங்காவுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். கணவரிடமிருந்து போன். "வந்துண்டே இருக்கேன்னா" என்றார், ஒரு கடலையை வாயில் போட்டபடி.

"எங்க வர்றே? குந்திக்கினு இல்ல கீறே?" என்று சிரித்தேன்.

"ஆபீஸ்ல ஒருத்தி, ஆத்துல ஒருத்தி. நடுவுல இங்க வந்து உக்காந்துக்கறாளே, அவதான்டி விஜி."

பிறகு ஊரடங்கு வந்தது. பூங்காவைப் பூட்டினார்கள். கதவுள்ள அறைகளைக் கணவரும் இரண்டு மகன்களும் எடுத்துக்கொண்டார்கள். விஜியின் அலுவலகம் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. ஒருவர் மீட்டிங் முடிந்து சாப்பிட்டு எழும்போது அடுத்தவருக்குப் பசிக்கும். தோசைக்கல் அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. போனில் விசாரித்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "எல்லாரும் பிரியமாத்தான் இருக்கா. ஆனா எங்க இருக்கேன்னு கேக்க இப்ப யாருக்கும் அவசியமே இல்லடி. வந்துண்டே இருக்கேன்னு நான் யார்ட்ட சொல்றது?"

ஊரடங்கு முடிந்தது. அதற்குள் கணவருக்கும் மகன்களுக்கும் நாக்கு சுடுசாப்பாட்டுக்குப் பழகிவிட்டது. அலுவலகம் நம்மைத் திரும்பக் கூப்பிட்டதும், விஜி ஆசையாகப் புடவைகளை இஸ்திரி போட்டு வைத்தார். "ஆத்துலேர்ந்தே எல்லாம் நன்னாத்தானே ஓடறது? எதுக்கு பஸ்ல இடிபடணும்?" என்றாராம் கணவர். அக்கறையாம்! மகன்களும் சேர்ந்துகொண்டு நச்சரித்து விருப்ப ஓய்வுக்கு எழுத வைத்தார்கள். நான்கு வேளையும் அடுப்பில் நிற்பதற்குப் பெயர் ஓய்வு. புடவைகள் மடிப்புக் கலையாமல் பீரோவிலேயே கிடந்தன.

பதின்மூன்றாம் நாள் போயிருந்தேன். கூடத்தில் மாலை போட்ட படம். அதிலும் விஜியின் கையில் கரண்டி. வேறு படமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? "லாக்டவுன்தான் ஆன்ட்டி எங்களுக்குப் பொற்காலம். எப்ப கேட்டாலும் சுடச்சுட தோசை" என்று மூத்தவன் கண் கலங்கினான். அவன் அழுகை நிஜம். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"உங்கம்மாவுக்கு வேர்க்கடலைன்னா உசுரு, தெரியுமா?" என்று கேட்டேன்.

"அப்படியா?" என்றான்.

பாயசம் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

மந்தைவெளிக்குப் போக வேண்டிய நான் இப்போதெல்லாம் லஸ்ஸில் இறங்குகிறேன். அதே பெஞ்சு, அதே கடலை. வீட்டிலிருந்து போன் வரும், எங்கே இருக்கிறாய் என்று. விஜி எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு பொய். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நன்றாக மடக்கிக்கொண்டு அதைச் சொல்கிறேன்:

"வந்துக்கினே கீறேன்."