கறுப்புக் கல்யாணச் சட்டை

தொண்ணூற்றேழு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பீலெஃபெல்டிலிருந்து ஹனோவருக்குப் போனோம். என் தங்கச்சி மலர், அவளுடைய மகள் துஷா, நான். துஷா தையல் தொழில் படித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்களின் உடுப்புகளை அருங்காட்சியகத்தில் பார்த்து வரச் சொல்லியிருந்தார்களாம். ஜெர்மனியில் எனக்குத் தெரியாத ரயில் பாதை கிடையாது என்பதால் நான்தான் வழிகாட்டி.

வீட்டில் ஒரு கவலை இருந்தது. அடுத்த மாதம் துஷாவுக்குக் கல்யாணம். மலரோ மணமேடைக்கு வரவே மாட்டேன் என்று நின்றாள். ஊரில் ஷெல் விழுந்து புருசன் செத்த நாளிலிருந்து அவளுக்கு வெள்ளைச் சேலைதான். துஷா வாங்கிக் கொடுத்த மெரூன் பட்டு, மடிப்புக் கலையாமல் அலுமாரியில் கிடந்தது.

தூரம் 110 கிலோமீட்டர். வார இறுதிச் சீட்டு 35 மார்க், ஐந்து பேர் வரை போகலாம். மெதுவான ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

உடுப்புகளைப் பற்றிச் சொன்னால், அந்தத் தையலுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். எறும்பு ஊர்ந்த மாதிரி நூல் ஓடுகிறது. ஆனால் இடுப்பு என் இரண்டு கைக்குள் அடங்கும். உள்ளே திமிங்கில எலும்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். முதுகு நிறையப் பொத்தான். இன்னொருத்தி வந்து பூட்டாமல் உடுக்க ஏலாது. இவ்வளவு அழகுக்குள் மூச்சுவிட மட்டும் இடம் வைக்கவில்லை.

கடைசியில் தரை வரை நீண்ட ஒரு கறுப்புச் சட்டை. மலர் நின்றுவிட்டாள்.

"பாவம், இவவும் என்னைப் போல ஒருத்தி."

"ஓம், ஒரு தளபதியின்ர மனுசி. அவர் சண்டையில போயிட்டார்," என்றேன். குதிரையின் நிறம் வரை சொன்னேன். மலரின் கண் நிறைந்துவிட்டது.

துஷா பலகையை வாசித்தாள். "மாமா, கதையை விடுங்கோ. இது கலியாணச் சட்டை. அந்த நாளில இஞ்ச கனபேர் கறுப்பிலதான் கலியாணம் கட்டினவை. பிறகு கோயில், செத்தவீடு எல்லாத்துக்கும் அதையே உடுத்திருக்கினம்."

மலர் கிட்டப்போய்க் குனிந்தாள். இடுப்பில், உடம்பு பெருக்கப் பெருக்க, தையலைப் பிரித்து அகட்டியிருந்தது.

"புருசன்ர செத்தவீட்டுக்குமோ?"

"ஓம் அம்மா."

"அப்ப அவவுக்கு, புருசன் போனாப்பிறகும் ஒண்டையும் கழட்டி வைக்க வேண்டி வரேல்லை."

திரும்பும் ரயிலில் பாதி வழி வந்ததும் மலர் என்னைப் பார்த்தாள். "அண்ணை, நான் மேடைக்கு வாறன். அவ அந்தக் கறுப்போட எல்லாத்துக்கும் போன மாதிரி, இந்த வெள்ளையோடதான்."

"அப்ப மெரூன்?" என்றாள் துஷா.

"அதை உன்ர மகளின்ர கலியாணத்துக்கு நீ உடு."

கல்யாணத்தன்று மண்டபத்தில் முணுமுணுப்புக் கேட்டது. நான் ஒரு பார்வை பார்த்தேன், முந்நூறு வாயும் மூடிவிட்டது. மலர் வெள்ளைச் சேலையோடு மேடையேறி, அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசியை மணமக்கள் தலையில் தூவி வாழ்த்தினாள்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை பூட்டு. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பலகையை வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையையும் கூட்டிப் போங்கள். கறுப்புச் சட்டை யன்னலோரம் நிற்கும். இடுப்புத் தையலைக் குனிந்து பாருங்கள். உடுத்தவள் வாழ்ந்த வருசமெல்லாம் அதில் தெரியும்.