எங்கள் வீட்டு டைப்ரைட்டரின் மணி

எங்கள் வீட்டு டைப்ரைட்டருக்கு மணி நான்தான். மற்ற பாகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஓர் அட்டை.

எண்பதுகளில் நாங்கள் மேனாம்பேட்டில் இருந்தோம். அப்பா லேத்துப் பட்டறைத் தொழிலாளி. அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்டிடியூட்டில் தினமும் ஒரு மணி நேரம்தான் மிஷினைத் தொட விடுவார்கள். அதனால் புடவை வந்த அட்டைப் பெட்டியின் மூடியில் எழுத்துகளை வரிசையாக எழுதி, வீட்டில் அதன்மேல் தட்டிப் பழகினாள்.

உண்மையான மிஷினில் வரி முடியச் சில எழுத்துகள் இருக்கும்போதே மணி அடிக்கும். அடிக்கிற சொல் சின்னதென்றால் முடித்துவிடலாம். நீளமென்றால் சரியான இடத்தில் வெட்டி, சிறு கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டும். அட்டைக்கு மணி ஏது? அவள் பார்த்து அடிக்கும் புத்தகத்தில் எழுத்துகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்து நான்தான் "டிங்!" என்று கத்துவேன்.

எங்கே வெட்டுவது என்று பார்க்க ஓர் ஆங்கில அகராதி இருந்தது. பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. முன்பக்கங்கள் போய்விட்டதால் எங்கள் ஆங்கிலம் ‘டி’யிலிருந்துதான் தொடங்கியது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் புள்ளிகள் இருந்தன. அந்த இடத்தில்தான் உடைக்கலாம். ஒரு சொல்லை உடைக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய அதிசயம். அதிலும் நம் நாக்கு பிரிக்கும் இடம் ஒன்று, புள்ளி நிற்கும் இடம் வேறு. அக்கா தடுமாறியது அங்கேதான்.

அர்த்தமும் கேட்டு நச்சரிப்பேன். அகராதியைப் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் தருவாள்.

"பேஷன்ஸ்னா பொறுமை. அம்மாகிட்ட கீது, நைனாகிட்ட இல்ல."

"நியூசன்ஸ்?"

"தொல்ல. என் பக்கத்துல குந்திகினு கீது பாரு, அதான்."

பாஸானால் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை வாங்கித் தருவதாக இன்ஸ்டிடியூட் மாஸ்டர் சொல்லியிருந்தார். பாஸாகாவிட்டால், ஏற்கெனவே பெண் கேட்டிருந்த நெமிலிச்சேரி மாப்பிள்ளைக்கே கட்டிக்கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். சாயங்காலம் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் எங்களையே பார்ப்பார். நீளமான சொல்லின் நடுவில் நான் கத்தினால் அக்காவின் விரல்கள் அப்படியே நிற்கும்.

"இன்னாம்மா, வண்டி பஞ்சரா?" என்பார்.

அக்காவின் முகம் வாடிப்போகும். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் சொல் முடிகிற இடமாகப் பார்த்து "டிங்!" என்றேன். விரல்கள் நிற்காமல் ஓடின. பிறகு தினமும் அப்படித்தான். புத்தகத்தில் முன்கூட்டியே கண்ணை ஓட்டி, வெட்டத் தேவையில்லாத இடத்தில் கத்துவேன். அக்கா அகராதியைத் தேடுவதே நின்றுபோயிற்று.

"கை ரயிலு மாரி ஓடுதுடா!" என்றார் அப்பா. மணியடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று எனக்கு வருத்தம்.

பரீட்சையில் அவள் அடிக்க வேண்டியிருந்தது ஓர் அலுவலகக் கடிதம். ‘நெஸஸரி’ என்ற சொல்லின் நடுவில் மணி அடித்தது. அவள் நின்றாள். எங்கே வெட்டுவதென்று தெரியாமல் மேற்கொண்டு அடித்தாள். வரியின் ஓரத்தில் மிஷின் பூட்டிக்கொண்டது; எழுத்து விழவில்லை. அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் நின்று நின்று அடித்ததில், கடிதம் பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது.

"ஊட்ல நல்லாத்தான அடிச்சிகினு இருந்த? அங்க இன்னா ஆச்சு?" என்று கேட்டார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன்.

"அந்த மிஷின்ல பெல்லு சரியில்ல நைனா."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நம் வீட்டு மணிதான் உயர்ந்தது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கையைக் கெடுத்தவன் நான் என்பதை அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இன்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"சரி, நெமிலிச்சேரிக்குச் சொல்லி அனுப்பிடலாம்" என்று அப்பா எழுந்து போனார்.

நான் ஓடிப்போய் அகராதியை எடுத்துவந்து தேடினேன்.

"மூணு துண்டுக்கா! நெஸ், எஸ், ஸரி!"

"ஓஹோ, அங்கியா?" என்று குனிந்து பார்த்தாள். அந்தப் புள்ளியை விரலால் தொட்டாள்.

"அர்த்தம்?"

"இல்லாம முடியாதது."

"உதாரணம் சொல்லு."

எப்போதும் சட்டென்று சொல்பவள், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நீ சொல்லேன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். "பூரி!"

அக்கா சிரித்தாள். கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தாள். மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, மாவு பிசைந்து பூரி சுட்டாள். சரியான உதாரணத்துக்குப் பரிசு என்று எண்ணி, நான் இரண்டு கூடுதலாகவே தின்றேன்.